ஃப்ரீசருக்கு ஒரு பூட்டு

செருப்பை வெளிய விடாதீங்க தம்பி. உள்ள கொண்டாந்து ஓரமா வைங்க. இந்தத் தெருவுல பள்ளிவாசலுக்குப் போற செருப்பே திரும்பி வர்றதில்ல. பேரு என்ன சொன்னீங்க, தவமணியா? ரிப்பேர் கடை உங்க சொந்தக் கடையா, இல்ல வேலைக்கு இருக்கீங்களா? கேட்டு வச்சுக்கிறது நல்லது. பையில என்னென்ன இருக்கு, காட்டுங்க. ட்ரில்லு ஒண்ணு, ஸ்க்ரூ டிரைவர் மூணு, ஸ்பானர் ரெண்டு, டெஸ்டர் ஒண்ணு. சரி. தப்பா நினைக்காதீங்க. போகும்போது உங்க சாமான் ஒண்ணு குறைஞ்சா நீங்க என்னைச் சொல்லக் கூடாது. என் சாமான் குறைஞ்சா நான் உங்களைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். நான் யாரையும் நம்புறதில்ல, அதுக்காக யாரையும் கெட்டவங்கன்னும் சொல்றதில்ல.

இதுக்குத்தான் பூட்டு போடணும். மேல திறக்கிற ஃப்ரீசர். என் மகன் இத்ரீஸ் சவூதியில, தமாம்ல இருக்கான், அவன் வாங்கிக் கொடுத்தது. வேன்ல வந்து இறங்குன அன்னைக்குத் தெருவே கூடிருச்சு. 'மைமூன் வீட்ல யாரு மௌத்து'ன்னு கேக்குறாங்க. மௌத்துன்னா சாவு தம்பி. ஃப்ரீசர் பாக்ஸ்னா அவங்களுக்குத் தெரிஞ்சது பொணத்தை வைக்கிற பெட்டி ஒண்ணுதான். 'இன்னும் யாரும் போகல, நீங்க எல்லாரும் போங்க'ன்னு விரட்டி விட்டேன்.

பூட்டு ஏற்கெனவே இருந்துச்சு. கம்பெனியே சாவி கொடுத்திருந்தாங்க. அது காணாமப் போயிருச்சு. எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா என்ன? அதான் வெளியில தனியா கொண்டி வச்சு, நல்ல கனமா ஒரு பூட்டு. சாயந்தரம் அசர் தொழுகை முடிஞ்சதும் என் மருமகளோட அத்தாவும், அத்தான்னா அப்பா, பள்ளிவாசல் ஜமாத் செயலாளரும் வர்றாங்க. அவங்க உள்ள நுழைஞ்சதும் இந்தப் பூட்டுதான் கண்ணுல படணும். அதைப் பார்த்தே விஷயம் புரியணும். நான் வாயைத் திறக்க வேண்டியதே இருக்கக் கூடாது.

மூடியைத் திறங்க. மெதுவா. பாருங்க, ஒரு விரல் நுழையுமா? எல்லாரும் ஃப்ரீசர் வாங்குறாங்க, யாருக்கு அடுக்கத் தெரியுது? கறியை வாங்கி வந்த கவரோட உருண்டையா உள்ள தள்ளிருவாங்க. அது பாறாங்கல்லா ஆயிரும். அரைக்கிலோ சமைக்க மூணு கிலோவையும் உருக்கணும். நான் அப்படி இல்ல. கழுவி, தண்ணி சுத்தமா வடிஞ்சதும், அரைக்கிலோ அரைக்கிலோவா கவர்ல போட்டு, காத்தை அமுக்கி எடுத்துருவேன். சப்பாத்தி மாதிரி தட்டையா தட்டி, தாம்பாளத்துல படுக்க வச்சு உறைய விடுவேன். உறைஞ்சதும் நோட்டுப் புத்தகம் மாதிரி நிக்க வச்சு அடுக்கிருவேன். ஒவ்வொண்ணுலயும் பேப்பர் டேப் ஒட்டி என்ன கறி, எந்தத் தேதின்னு எழுதிருப்பேன். ஈரல் சீக்கிரம் தீரணும், அது மேல. மீனு தனி டப்பா, ரெண்டு கவர் போட்டு. இல்லேன்னா தேங்காய்த் துருவல்ல மத்தி மீன் வாசம் அடிக்கும். பழசு மேல, புதுசு கீழ. எங்கயாவது இடம் காலியா இருந்தா பாட்டில்ல முக்காவாசி தண்ணி ஊத்தி வச்சிரணும். கரண்டு போனா நிறைஞ்ச பெட்டி ஒரு நாள் பூரா தாங்கும். பாதிப் பெட்டி மத்தியானத்துக்குள்ள அழ ஆரம்பிச்சிரும்.

இவ்வளவையும் மருமகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அங்கதான் நான் கோட்டை விட்டேன்.

ரிஸ்வானான்னு பேரு. கல்யாணமாகி வந்து அஞ்சு வருஷம். சந்தைப்பேட்டைப் பொண்ணு. அவ அத்தா தையக்கடை வச்சிருக்காரு, வசதி கம்மிதான். நாங்க அதையெல்லாம் பாக்கல. பாக்கலன்னு அவகிட்டயே பலதடவை சொல்லிருக்கேன்.

என்ன, எல்லாத்தையும் வெளிய எடுக்கணுமா? எதுக்கு? ஓ, சைடுல ஓட்டை போடும்போது கேஸ் குழாயில பட்டுராம, அது எங்க ஓடுதுன்னு உள்ள பாக்கணுமா? சரி, எடுங்க. ஆனா ஒழுங்கா எடுத்து, இந்தச் சாக்குல வரிசையா வைங்க. என்னால குனிய முடியாது, இடுப்பு போயிருச்சு. அடியில கைவிட்டு எடுக்குறது எப்பவும் அவதான். அதுதானே அவளுக்கு வசதியாப் போச்சு.

உள்ள மூணு நிறத்துல பை இருக்கும். நீங்க வேற ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, சொல்றேன். பக்ரீத் பெருநாளைக்கு நாங்க குர்பானி கொடுப்போம். ஆடு அறுத்து, கறியை மூணு பங்கா வைக்கிறது. ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு சொந்தக்காரங்களுக்கு, ஒரு பங்கு ஏழைகளுக்கு. இந்தத் தடவை மூணு ஆடு. என் பேருல ஒண்ணு, மகன் பேருல ஒண்ணு, மௌத்தாப் போன அவுக பேருல ஒண்ணு. அதான், என் வீட்டுக்காரர். பச்சைப் பை எங்க பங்கு. வெள்ளைப் பை சொந்தக்காரங்க பங்கு. மஞ்சப் பை ஏழை பங்கு, இருபத்தெட்டு பொட்டலம். நானே கட்டி, நானே எழுதி, அடியில பத்திரமா வச்சேன்.

பெருநாள் முடிஞ்சு ஆறு மாசமாச்சுதான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? தேதி போட்டிருக்கேன், கெட்டுப் போகல. கொடுக்கக் கூடாதுன்னா வச்சிருக்கேன்? சரியான ஆளுக்குக் கொடுக்கணும் தம்பி. அவுக இருந்தவரைக்கும் அன்னைக்கே சைக்கிள்ல கூடையைக் கட்டிக்கிட்டுப் போயி, அசருக்குள்ள கொடுத்து முடிச்சுட்டு வெறுங்கையோட வருவாக. யாருக்குக் கொடுத்தீகன்னு கேட்டா சிரிப்பாக. ஏமாந்த மனுசன். எனக்கு அந்த ஏமாளித்தனம் கிடையாது. வாசல்ல ஒருத்தன் வந்து நின்னான், சட்டைப்பையில பெரிய போனு. ஒருத்தி வந்தா, கால்ல புதுச் செருப்பு. இன்னொருத்தி கைப்பிள்ளையோட வந்தா, அந்தப் பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு! இதுல யாரு ஏழை? அது அல்லாவோட பங்கு, கண்டவங்களுக்குத் தூக்கிக் கொடுத்துட்டு நாளைக்கு மறுமையில நான் பதில் சொல்ல முடியாது. உண்மையான ஏழை வரட்டும்னு காத்திருந்தேன். இந்த ஊர்ல ஒருத்தர்கூட கிடைக்கல, நான் என்ன செய்ய?

வெள்ளைப் பை எல்லாம் அந்த வாரமே போயிருச்சு. மிச்சம் இருக்கிறது ரெண்டு, வெளியூர்க்காரங்களுக்கு. சொந்தத்துல ஒருத்திக்கு மட்டும் நான் கொடுக்கிறதில்ல. என் கூடப் பொறந்த தங்கச்சி கமருன்னிசா. இங்கதான், நாலு தெரு தள்ளி, கேணித் தெருவுல இருக்கா. எங்க அத்தா கட்டுன வீடு. எனக்கு நகையைப் போட்டுட்டு வீட்டை அவளுக்கு எழுதி வச்சுட்டாரு. நகை எங்க போகும், வீடு எங்க போகும், நீங்களே சொல்லுங்க. சரி, அது பழங்கதை. முந்தின பெருநாளுக்கு நான் பெரிய மனசு பண்ணி அவளுக்குக் கறி அனுப்புனேன். திருப்பி அனுப்பிட்டா! கழுத்து எலும்பு கொஞ்சம் கூடுதலா இருந்துச்சாம். ஆட்டுக்கு எலும்பு இருக்காதா? அன்னைக்கே அவ பேரை வெட்டிட்டேன்.

அவளுக்கென்ன, பஸ் ஸ்டாண்டுல புருஷனுக்குப் பாத்திரக் கடை. இப்ப கடை சாத்திக் கிடக்குன்னு சொல்றாங்க, மச்சான் படுத்த படுக்கைன்னு சொல்றாங்க. சொல்றவங்களுக்கு என்ன? சீட்டுப் பணம் கேட்டு ஆள் வருவாங்கன்னு கடையைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருப்பாரு. போன மாசம் ஒரு கல்யாணத்துல பார்த்தேன். கையில ஒரு வளையல் இல்ல. என் கண்ணு பட்டுருமாம், கழட்டி வச்சுட்டு வந்திருக்கா. பிரியாணியைத் தொடக்கூட இல்ல. கவர்ல கட்டி எடுத்துக்கிட்டா. நான் உக்காந்த பந்தியில உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு வீம்பு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க?

எங்க விட்டேன்? ஆங், மருமக.

எனக்கு ரெண்டு மாசமாவே சந்தேகம். வெள்ளிக்கிழமை நான் ஓதப் போயிட்டு வந்தா, ஃப்ரீசர் மோட்டார் ஓடிக்கிட்டிருக்கும். மூடியைத் திறக்காம மோட்டார் ஏன் அவ்வளவு நேரம் ஓடும், நீங்களே மெக்கானிக்கு, சொல்லுங்க. ஒரு நாள் மூடி இடுக்குல தீக்குச்சி ஒண்ணைச் செருகிட்டுப் போனேன். வந்து பாத்தா குச்சி கீழ கிடக்கு. அவ கையை மோந்து பாத்தேன். சோப்பு வாசம். கறியைத் தொடாதவ எதுக்கு அந்நேரத்துல சோப்புப் போட்டுக் கை கழுவணும்? ஆனா திறந்து பாத்தா பெட்டி நிறைஞ்சுதான் இருக்கு. இதென்னடா கண்கட்டு வித்தைன்னு, போன வாரம் கரண்டியைத் திருப்பிப் பிடிச்சு, காம்பை அடிவரைக்கும் விட்டுக் குத்திப் பாத்தேன். 'டொக்'குன்னு ஒரு சத்தம். கறி அப்படிச் சத்தம் போடாது தம்பி. பாட்டில்! எடுத்துட்டு, எடுத்த இடத்துல தண்ணி பாட்டிலைச் சொருகி வச்சிருக்கா. நான் சொல்லிக் கொடுத்த வித்தையை எங்கிட்டயே காட்டுறா.

கூப்பிட்டுக் கேட்டேன். "ரிஸ்வானா, மஞ்சப் பைக் கறி எங்க?" மறைக்கல அவ. அதுதான் எனக்கு இன்னும் கோபம். "போக வேண்டிய இடத்துக்குப் போயிருச்சு மாமி"ங்கிறா. எந்த இடம்? "பேரு மட்டும் கேக்காதீங்க மாமி, வாக்குக் கொடுத்திருக்கேன்"னு அழுகுறா. மாட்டிக்கிட்டவங்களுக்கு முதல்ல வர்றது கண்ணீர்தானே? பக்கத்து வீட்டுக்காரி நின்னுக்கிட்டிருந்தா. நான் சொல்லிட்டேன். "என் ஃப்ரீசர் கறி உங்க அம்மா வீட்டு அடுப்புல வேகுதாக்கும்"னு. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு சந்தைப்பேட்டைக்குப் போயிட்டா. இன்னையோட மூணு நாள்.

இத்ரீஸ் போன்ல, "ஆதாரம் இருக்காம்மா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"ன்னு கேக்குறான். பொண்டாட்டி பக்கம் பேசுறான். ஆதாரம் இன்னைக்குச் சாயந்தரம். சபையில வச்சு, இவ திருடின்னு சொல்லிருவேன். அதுக்கப்புறம் அவ இந்த வாசப்படியை மிதிக்க வேண்டாம். பேத்தியை நினைச்சாத்தான்... சரி விடுங்க.

என்ன கையில? பச்சைப் பைக்கு நடுவுலயா இருந்துச்சு? குடுங்க பாப்போம். சாவி. இஞ்சி பூண்டு டப்பாவுக்குக் கீழ, கவர்ல கட்டி, டேப் ஒட்டி, 'சாவி, பத்திரம்'னு... இது என் எழுத்து மாதிரிதான் இருக்கு. அவ எழுதிருப்பா. என் எழுத்து மாதிரியே எழுதுவா, நான்தானே டேப்புல எழுதப் பழக்குனது. சிரிக்காதீங்க தம்பி. வேலையைப் பாருங்க.

பச்சைப் பையை எண்ணுங்க. இருபது. இருபதா? நல்லா எண்ணுங்க. சமைச்சது போக மிச்சம்னு மூடியில ஒட்டியிருக்கிற சீட்டுல நான் எழுதியிருக்கிறதும் இருபதுதான். ஒண்ணுகூட குறையலையா? தொடைக்கறி எல்லாம் இதுலதான் இருக்கு. நல்ல கறியை விட்டுட்டு எவளாவது... சரி, வெள்ளை? ரெண்டு. சரியா இருக்கு. மஞ்சள்? அஞ்சு. பாத்தீங்களா! இருபத்து மூணு பொட்டலம் அபேஸ். நான் சொன்னேன்ல? மஞ்சளை மட்டும் குறிவச்சு எடுத்திருக்கா.

அந்தப் பாட்டிலை எல்லாம் இப்படி வெளிச்சத்துல வைங்க. செயலாளர் வந்ததும் காட்டணும். என்ன, பாட்டில்லயும் டேப் ஒட்டியிருக்கா? தண்ணிக்கு எதுக்கு டேப்பு? சின்ன எழுத்தா இருக்கு, கண்ணாடி வேற உள்ள இருக்கு, நீங்களே படிங்க.

'மேட்டுத் தெரு, வேப்பமரத்து வீடு, 2.' தேதியும் போட்டிருக்கா? ம். வேப்பமரத்து வீட்ல கண்ணு தெரியாத ஒருத்தரு இருக்காரு. அடுத்தது? 'ரைஸ் மில் பின்னாடி, தகரக் கொட்டகை, 1.' அங்க ஒரு அம்மா பிள்ளைகளை வச்சுக்கிட்டு... அடுத்தது படிங்க. சந்தைப்பேட்டைன்னு வருதா பாருங்க. வரும். அதை மட்டும் தனியா எடுத்து வைங்க.

சந்தைப்பேட்டை எதுலயும் இல்லையா? எல்லாப் பாட்டிலையும் பாத்துட்டீங்களா? ஒண்ணுலகூட இல்லையா?

அப்ப மிச்சப் பாட்டில்ல என்ன இருக்கு?

ஆறும் ஒரே வீடா? மாசம் ஒண்ணு, தவறாம. எந்த வீடு? இன்னொரு தடவை படிங்க.

'கேணித் தெரு, நீலக் கதவு, 2.'

கேணித் தெருப் பக்கம் நீங்க வேலைக்குப் போயிருப்பீங்கள்ல தம்பி? அங்க எத்தனை நீலக் கதவு இருக்கு? சொல்ல வேண்டாம். ஒண்ணுதான். எங்க அத்தா வருஷா வருஷம் ரம்ஜானுக்கு முன்னாடி அவரே நீலப் பெயிண்ட் அடிப்பாரு. நானும் கமருவும் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். இப்பவும் அதே நிறம்தான்.

அந்த முக்காலியை இப்படித் தள்ளுங்க. கொஞ்சம் உக்காரணும்.

கையில வளையல் இல்ல தம்பி. நான் பாத்தேன். நல்லாப் பாத்தேன். ரெண்டு கையும் மொட்டையா, முந்தானைக்குள்ள இழுத்து இழுத்து மறைச்சுக்கிட்டு இருந்தா. அந்தப் பிரியாணி படுத்த படுக்கையா இருக்கிற மச்சானுக்குப் போயிருக்கு. எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடந்துச்சு. தீக்குச்சி விழுந்ததைக் கண்டுபிடிச்ச கண்ணு இது.

வெள்ளைப் பையில போக வேண்டியவ அவ. என் கூடப் பொறந்தவ, மஞ்சப் பையில வாங்கித் தின்னுருக்கா. ஏழை கிடைக்கல, ஏழை கிடைக்கலன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். யா அல்லாஹ்.

அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருப்பா. வாங்குவா, அவளைப் பத்தி எனக்குத் தெரியும். செத்தாலும் என் கையால வாங்க மாட்டா. அந்தச் சத்தியத்துக்காக இந்தப் பொண்ணு, பக்கத்து வீட்டுக்காரி முன்னாடி நான் கேட்ட கேள்வியை வாங்கிக்கிட்டு, உங்க தங்கச்சிக்குத்தான் மாமின்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருக்கா. சொல்லியிருந்தா அந்த நிமிஷமே அவ தப்பிச்சிருப்பா. தன் அம்மா வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டு போகல. நான் அவளைப் பார்த்து என்ன சொன்னேன் தம்பி? உங்ககிட்டயும் சொன்னேன்ல, என்னவோ பெருமையா?

மணி என்ன? மூணே காலா? அசருக்கு இன்னும் நேரம் இருக்கு.

பூட்டைப் பைக்குள்ள வைங்க. வேணாம். அந்தச் சாவியையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. பச்சைப் பையில 'தொடைக்கறி'ன்னு எழுதுனதை எல்லாம் வெளிய எடுங்க. எலும்பு கலந்தது வேணாம், அது எங்களுக்கு இருக்கட்டும். எடுத்ததை மஞ்சப் பைக்குள்ள போட்டு, பழையபடி அடியில வைங்க. இல்ல, மேல வைங்க. ரிஸ்வானா குனிய வேண்டாம். பாட்டிலை எல்லாம் இருந்த இடத்துலயே சொருகிருங்க. நான் பார்த்த மாதிரியே தெரியக் கூடாது.

போகவா? எங்க, கேணித் தெருவுக்கா? நான் போய் அந்தக் கதவைத் தட்டுனா அன்னைக்கோட சரி. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ஆன பிறகு ரிஸ்வானாவுக்கும் அந்தக் கதவு திறக்காது. மச்சானுக்குப் போற கறியும் நின்னுரும். நான் தெரியாதவளாத்தான் இருக்கணும். ரிஸ்வானா வந்து, எனக்குத் தெரியாம எடுத்து, அவகிட்டக் கொண்டு போகணும். அதுக்கு முதல்ல அவ இங்க வரணுமே. வருவாளா? நானா இருந்தா வர மாட்டேன்.

சந்தைப்பேட்டைக்கு ஒரு ஆட்டோ பிடிச்சுத் தாங்க தம்பி. தெரிஞ்ச ஆளா பாருங்க. இல்ல, யாரா இருந்தாலும் பரவாயில்ல, சீக்கிரம் வந்தாப் போதும். அவ அத்தாவும் செயலாளரும் இங்க கிளம்புறதுக்குள்ள நான் போயிரணும். தையக்கடை வாசல்ல நாலு பேரு நிப்பாங்க. நிக்கட்டும். அன்னைக்கும் ஒருத்தி நின்னுக்கிட்டுத்தானே இருந்தா. என்ன சொல்றதுன்னுதான் தெரியல. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்ல. 'ஃப்ரீசர்ல இடம் காலியா கிடக்கு, கரண்டு போனா என்ன ஆகுறது, வந்து பாட்டில் வை'ன்னு கூப்பிடலாம். அவளுக்குப் புரியும். புரியலன்னா காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

இன்னொண்ணு தம்பி. இந்த டேப்பை எல்லாம் படிச்சது நீங்க ஒருத்தர்தான். கேணித் தெருவுக்கு வேலைக்குப் போனா அந்த வீட்டு வாசல்ல நின்னு ஏறிட்டுப் பாத்துறாதீங்க. கமரு கண்டுபிடிச்சிருவா, அவ என்னை மாதிரி. நீங்க எதையும் படிக்கல, நானும் எதையும் கேக்கல. சரியா?

உங்க சாமானை எடுத்து வைங்க. நான் எண்ணல. நீங்களே எண்ணிக்கோங்க.